குளிர் ஊரில் இட்லி மாவு பொங்க வைத்தல்: கிரைண்டர் முதல் சூட்டுப் பெட்டி வரை

டொராண்டோவிலோ ஓஸ்லோவிலோ ஜனவரி இரவில் சமையலறை மேடையில் வைத்த இட்லி மாவு, காலையில் மூடியைத் திறந்தால் வைத்த அளவிலேயே கிடக்கும். உடனே பழியைக் குளிர் மேல் போட்டுவிட்டு ஈனோ பாக்கெட்டைத் தேடுவார்கள். அவசரப்பட வேண்டாம். ஒரு துளி மாவை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

புளிப்பும் இல்லை, உப்பலும் இல்லை என்றால் சூடு போதவில்லை. இன்னும் எட்டு மணி நேரம் கொடுத்தாலே பாதி சரியாகும். கீழே சொல்லும் சூட்டுப் பெட்டி இருந்தால் முழுக்கச் சரியாகும். ஆனால் புளிப்பு நன்றாக ஏறியிருந்தும் மாவு எழும்பவில்லை என்றால் அது குளிரின் வேலை இல்லை. உளுந்து பழசு, அல்லது அரைத்தது சரியில்லை, அல்லது சூடு கூடிப் போயிருக்கிறது. இந்த இரண்டாவது வகைதான் வெளிநாட்டுச் சமையலறைகளில் அதிகம். அதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பெட்டி கட்டினாலும் இட்லி தட்டையாகத்தான் வரும். அதனால் பெட்டிக்கு முன்னால் உளுந்து. (வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.)

மாவுக்குள் நடப்பது

இட்லி மாவை எழுப்புவதில் முக்கியப் பங்கு லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியாவுடையது. 1965இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. இது வெளியிலிருந்து வருவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. இது அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடும். அந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும், அதிலுள்ள வழுவழுப்பான பசைப் பொருளும். ஆக, வாயு உண்டாக வேண்டும், உண்டான வாயு தங்கவும் வேண்டும். முதலாவது சூட்டைப் பொறுத்தது, இரண்டாவது உளுந்தைப் பொறுத்தது.

ஜெர்மனியில் முட்டைக்கோஸை உப்பிட்டுப் புளிக்க வைக்கிறார்களே சவர்க்ராட், அதன் முதல் கட்டத்தைத் தொடங்கி வைப்பதும் இதே பாக்டீரியாதான். அதில் உப்பு 2 முதல் 2.5 சதவீதம், வைக்கும் இடம் 18 டிகிரி அளவில். இதிலிருந்து இரண்டு சந்தேகங்கள் தீரும். இட்லி மாவில் போடும் 1 சதவீத உப்பு இதைக் கொன்றுவிடாது. அயோடின் உப்பு பாக்டீரியாவைக் கொல்லும் என்ற பயமும் பெரும்பாலும் வீண். அடுத்தது, இது 18 டிகிரியில் சாவதில்லை, மெதுவாகிறது, அவ்வளவே. 22 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் கொடுத்தாலும் நல்ல உளுந்து போட்ட மாவு எழும்பும்.

28 முதல் 32 டிகிரி வரை இதற்கு ஏற்ற இடம். 36, 37ஐத் தாண்டினால் சூடு விரும்பும் வேறு லாக்டிக் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். அவற்றில் பல அமிலத்தை மட்டும் உண்டாக்கும், வாயுவை விடாது. 'சூடாக வைத்தேன், புளித்தது, பொங்கவில்லை' என்பதன் விளக்கம் இதுதான்.

தயிர் ஊற்றுவதும் இதே கணக்கில் சேரும். தயிரை உறைய வைக்கும் இரண்டு பாக்டீரியாக்களும் வாயு விடாத ரகம். ஒரு கரண்டி தயிர் ஊற்றினால் மாவு சீக்கிரம் புளிக்கும், பொங்குவதற்கு அது உதவாது. ரொட்டி ஈஸ்ட் போட்டால் பொங்கும். ஆனால் ஆவி அடங்குவதற்குள் பன் வாசனை மூக்கில் ஏறும். கைகொடுப்பது பழைய மாவுதான். நன்றாகப் பொங்கிய முந்தைய மாவில் மூன்று மேசைக்கரண்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து புதிய மாவில் கலந்தால் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சமாகும். ஆறேழு நாளுக்கு மேல் பழசான மாவு வேண்டாம், அதில் அமிலம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

சாமான்

கீழே உள்ள அளவு 45 முதல் 50 இட்லிக்கு. கப் கணக்கு நாட்டுக்கு நாடு மாறுவதால் எடைக் கணக்கு.

இட்லி அரிசி 800 கிராம், தோல் நீக்கிய முழு வெள்ளை உளுந்து 200 கிராம், அவல் 50 கிராம், வெந்தயம் 5 கிராம், கல்லுப்பு 25 கிராம். மிக்ஸியில் அரைப்பதாக இருந்தால் உளுந்தை 250 கிராம் ஆக்குங்கள். மிக்ஸியில் உளுந்து அவ்வளவாகக் காணாது.

உளுந்துதான் வெளிநாட்டில் வில்லன். கப்பலில் வந்து, கிடங்கில் படுத்து, கடை அலமாரியில் கிடந்து வீடு சேரும்போது அதற்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. பாக்கெட்டில் இருப்பது பாக்கெட் போட்ட தேதி, அறுவடைத் தேதி அல்ல. பார்த்து வாங்க ஒரே வழி நிறம். பால் வெள்ளையாக, லேசான பளபளப்போடு இருக்க வேண்டும். மஞ்சள் ஓடியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உடைத்த உளுந்தை விட முழு உளுந்து மேல். பெரிய மூட்டை மலிவு என்று வாங்காமல், சரக்கு வேகமாக நகரும் கடையில் ஒரு கிலோ பாக்கெட்டாக வாங்குவது நல்லது. லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கமோ, பாரிஸில் லா ஷப்பெல் தெருக்களிலோ, டொராண்டோவில் ஸ்கார்பரோவிலோ தமிழர் கடைகளில் உளுந்து தேங்குவதில்லை.

வீட்டில் ஒரு சோதனை உண்டு. ஒரு கைப்பிடியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை விரலால் கலக்குங்கள். தண்ணீர் வழவழவென்று ஆகி மேலே சின்ன நுரை நின்றால் உளுந்து உயிரோடு இருக்கிறது. தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்தால் அந்த உளுந்தைத் தாளிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அரிசிக்கு மாற்று வழிகள் உண்டு. இட்லி அரிசியே கிடைத்தால் பேச்சே இல்லை; பொன்னி புழுங்கலும் சரி. இந்தியக் கடையே இல்லாத ஊரில், ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டில் 'பார்பாயில்ட்' என்று எழுதிய நீள அரிசி கிடைக்கும். அதுவும் புழுங்கல்தான், ஆனால் இட்லி சற்று விறைப்பாக வரும். அவலை 80 கிராம் ஆக்கி, உளுந்தையும் 50 கிராம் கூட்டினால் மிருதுவாகும். ஜாஸ்மின் அரிசி வேண்டவே வேண்டாம். ஒட்டும் தன்மை கூடுதல், இட்லி பல்லில் பிசுபிசுக்கும். கிரைண்டர் இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு இட்லி ரவை. 500 கிராம் ரவையை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தடவை அலசி, கையால் ஒட்டப் பிழிந்து, அரைத்த உளுந்தில் (200 கிராம்) சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிழியாமல் போட்டால் மாவு நீர்த்துப் போகும்.

கிரைண்டரும் மின்சாரமும்

பிரிட்டன், ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சாரம் விநாடிக்கு அலையும் எண்ணிக்கை). இந்தியாவில் வாங்கிய டேபிள் டாப் கிரைண்டர் அப்படியே ஓடும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். பிரிட்டன் பிளக்குக்குள் ஃப்யூஸ் இருக்கும். 150 வாட் கிரைண்டருக்கு 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள், 13 அல்ல.

அமெரிக்காவும் கனடாவும் வேறு கதை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கிரைண்டரில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். 230 வோல்ட்டுக்கான மோட்டாரை நேராக 120இல் சொருகினால் அதன் முறுக்கு விசை கால் பங்குக்குச் சற்று மேலே நின்றுவிடும். கல் நகராது, மோட்டார் உறுமும், அணைக்காமல் விட்டால் உள்ளே சுற்றிய கம்பிச் சுருள் கருகும். சரி, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாமே என்றால், அது வோல்ட்டை ஏற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. இண்டக்ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பின்பற்றுவதால் டிரம் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிச் சுற்றும், இழுவையோ குறையும். உளுந்து கெட்டியாகும் நேரத்தில் திணறும். ஆகவே அந்த நாடுகளுக்கு 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட மாடலையே வாங்குங்கள். கோயம்புத்தூர்க் கம்பெனிகள் ஏற்றுமதிக்கென்றே அப்படிச் செய்கின்றன.

மிக்ஸிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் கார்பன் பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டார்; ஹெர்ட்ஸைக் கண்டுகொள்ளாது. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் அதிகம் என்பதால் சரிக்குச் சரி வாங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும்.

ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவருகிறவர்கள் அதே மாடலுக்கான பெல்ட் ஒன்றைக் கூடவே பெட்டியில் போட்டுக்கொள்வது நல்லது. உளுந்து திரண்டு வரும்போது டிரம் மட்டும் நின்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் அது பெல்ட் தளர்ந்ததன் அடையாளம்.

ஊறவைத்து ஆட்டுவது

குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 6, 8 டிகிரியில் வரும். அதில் அரிசி ஊற இரவு முழுக்க ஆகும். 30 டிகிரித் தண்ணீரில் அரிசியும் வெந்தயமும் ஐந்து மணி நேரம், உளுந்து தனியாக மூன்று மணி நேரம். அவல் கடைசி அரை மணி போதும். தண்ணீரில் குளோரின் வாசம் அடித்தால் கார்பன் ஃபில்டரில் பிடித்த தண்ணீர் நல்லது. அது இல்லை என்பதற்காக மாவு கெட்டுவிடாது. உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே அரைக்க ஊற்றுங்கள், பாக்டீரியாவும் வழுவழுப்பும் அதில்தான் இருக்கின்றன.

கிரைண்டரில் உளுந்துக்கு 25 முதல் 30 நிமிடம். முதலில் 100 மில்லி தண்ணீர், அப்புறம் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை கையளவு தெளித்து, மொத்தம் 400 முதல் 450 மில்லி. ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து கல்லுக்கு அடியில் வழுக்கி ஓடும், அரைபடாது, காற்று ஏறாது. பதம் தெரிவது இப்படி: முதலில் சொரசொரப்பான விழுது, பிறகு பசை, இருபதாவது நிமிடம் வாக்கில் நிறம் பழுப்பு வெள்ளையிலிருந்து தூய வெள்ளைக்கு மாறி, டிரம்மில் மேலேறி உப்பத் தொடங்கும். கல் சுற்றும்போது 'பொத் பொத்' என்று காற்றுக் குமிழ் உடையும் சத்தம் வரும். ஈரக் கையால் கிள்ளிக் கிண்ணத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். நல்ல உளுந்து 200 கிராம் ஒன்றே கால் லிட்டருக்குக் குறையாமல் காணும்.

மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு எதிரி சூடு. வேகமான பிளெண்டர் இரண்டு நிமிடத்தில் உளுந்து விழுதை 40 டிகிரிக்கு மேல் கொண்டு போய்விடும். ஐஸ் தண்ணீர் ஊற்றி, 30 விநாடி ஓட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். ஜாரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கடைசியில் அந்த விழுதை அகலப் பாத்திரத்தில் போட்டு, கையாலோ முட்டை அடிக்கும் கம்பியாலோ மூன்று நிமிடம் ஒரே திசையில் அடித்தால் மிக்ஸி விட்ட காற்றில் கொஞ்சம் திரும்ப ஏறும்.

அரிசியும் அவலும் சேர்த்து 15 முதல் 20 நிமிடம், தண்ணீர் 450 முதல் 500 மில்லி. விரலிடையில் தேய்த்தால் மெல்லிய ரவை நெருடும்போது நிறுத்துங்கள். நைசாகிவிட்டால் அது தோசைக்குத்தான்.

இரண்டையும் உப்போடு கலக்கும்போது கையால் கலப்பது பழக்கம். கையிலிருக்கும் 'ராசி'தான் மாவைப் பொங்க வைக்கிறது என்று சொல்வார்கள். பாக்டீரியா தானியத்தோடு வருவதால் கை கட்டாயமில்லை. கரண்டியால் கலந்த மாவும் பொங்கும். ஆனால் கையால் கலந்தால் அடியில் தங்கிய அரிசி மாவு விரலுக்குத் தட்டுப்படும், கரண்டிக்கு அது தெரியாது.

இங்கே ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். கலந்த மாவு 27, 28 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர் வீட்டில் அரைத்த மாவு 18, 20இல் நிற்கும். அதை அப்படியே எந்தப் பெட்டியில் வைத்தாலும் முதல் நாலு மணி நேரம் சூடேறுவதிலேயே போய்விடும். சிங்க்கில் 40 டிகிரி வெந்நீர் நிரப்பி, பாத்திரத்தை அதில் நிறுத்திப் பத்து நிமிடம் கிளறுங்கள். அரிசி அரைக்கும் கடைசித் தண்ணீரை 40 டிகிரியில் ஊற்றினாலும் சரி. கொதிநீர் ஊற்றக்கூடாது, மாவு ஓரத்தில் வெந்துவிடும்.

பெட்டி

வேண்டியவை: 30 லிட்டர் அளவில் மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி (மீன் கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்) அல்லது பிக்னிக் கூலர், நாற்று முளைக்க வைக்க விற்கும் 20 வாட் ஹீட் மேட் (சூடாகும் விரிப்பு), ஒயரில் சென்சார் உள்ள பிளக்-இன் தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து மின்சாரத்தைத் தானே போட்டு அணைக்கும் கருவி; இங்க்பேர்ட் ஐடிசி-308 போன்றது), 4 செ.மீ. உயரமுள்ள கம்பி ஸ்டாண்டு; பொங்கி வழிந்தால் தாங்க ஒரு தட்டு. எஸ்டிசி-1000 என்ற மலிவான தெர்மோஸ்டாட்டும் உண்டு. அது வெறும் சர்க்யூட், மெயின் கரண்டை நாமே ஒயர் போட வேண்டும். ஒயரிங் தெரியாதவர்கள் அதைத் தொடாதீர்கள்.

ஏன் 20 வாட்? 3 செ.மீ. சுவருள்ள அந்தப் பெட்டி, அறையை விட 12 டிகிரி சூடாக இருக்கும்போது சுமார் 10 வாட் வெப்பத்தை வெளியே இழக்கும். மிச்சம் 10 வாட் மாவைச் சூடேற்றப் போதும். 60 வாட் பல்பு வைத்தால் சீக்கிரம் ஆகும் என்று தோன்றும். ஆனால் மாவு மெதுவாகவும் காற்று வேகமாகவும் சூடேறுவதால் மேல்மாவு காய்ந்து ஆடை கட்டும். தவிர, பழைய குண்டு பல்பின் கண்ணாடி 100 டிகிரிக்கு மேல் போகும், பக்கத்தில் தெர்மோகோல் இருந்தால் உருகும். பல்புதான் வழி என்றால் 25 வாட்டுக்கு மேல் வேண்டாம். பீங்கான் ஹோல்டரில் போட்டு, தகர டப்பாவால் மறைத்து, சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். எல்.இ.டி. பல்பில் சூடு கிடைக்காது.

அதே சமயம் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராகச் சொருகிவிடாதீர்கள். மேலே சொன்ன கணக்குப்படியே மூடிய பெட்டிக்குள் 20 வாட் நிற்காமல் ஓடினால், 18 டிகிரி அறையில்கூட உள்ளே 40ஐத் தொடும்.

அடுக்கும் வரிசை: பெட்டியின் அடியில் மேட், மேலே கம்பி ஸ்டாண்டு, அதன்மேல் தட்டு, தட்டில் மாவுப் பாத்திரம். ஸ்டாண்டை விட்டுவிட்டுப் பாத்திரத்தை மேட் மேலேயே வைத்தால் அடிமாவு 38, 40க்குப் போய், அடியில் புளித்த நீரும் மேலே பச்சை மாவும் நிற்கும். ஒயர் வெளியே வர மூடியின் விளிம்பில் சின்ன பள்ளம் வெட்டினால் போதும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காற்றில் தொங்கவிட்டால், காற்று 30ஐத் தொட்டதும் மேட் அணைந்துவிடும். மாவு அப்போது 22இல் இருக்கும். மாவு உயரத்தின் நடுவில், பாத்திரத்தின் வெளிப்புறச் சுவரில் டேப்பால் ஒட்டி, அதன்மேல் மடித்த துணித் துண்டை வைத்து இன்னொரு டேப் போடுங்கள். துணி இல்லையென்றால் சென்சார் பாதி காற்றையும் பாதி பாத்திரத்தையும் அளக்கும். எவர்சில்வர் சுவர் வழியாக வரும் சூடு மாவின் சூட்டுக்கு ஒரு டிகிரி இப்படி அப்படி இருக்கும், அது பரவாயில்லை.

தெர்மோஸ்டாட்டில் இலக்கு 30, வித்தியாசம் 0.5 (அதாவது 29.5க்கு இறங்கினால் மேட் மறுபடி ஓடும்). இரண்டு சாக்கெட் இருக்கும், மேட்டை 'ஹீட்டிங்' என்று எழுதியதில் சொருகுங்கள். மாற்றிச் சொருகினால் மாவு சூடான பின்தான் மேட் எரியத் தொடங்கும், அதாவது எரியவே எரியாது. முதல் தடவை மாவுக்குப் பதில் இரண்டரை லிட்டர் தண்ணீர் வைத்து ஓட்டிப் பாருங்கள். நாலைந்து மணி நேரத்தில் தண்ணீர் 30க்கு வந்து அங்கேயே நின்றால் பெட்டி தயார்.

பாத்திரம் 6 லிட்டருக்குக் குறைய வேண்டாம். இந்த அளவு மாவு சுமார் இரண்டே முக்கால் லிட்டர் இருக்கும், பொங்கினால் இரண்டு மடங்கைத் தாண்டும். மூடியை இறுக்காமல் வையுங்கள். கொஞ்சம் மாவைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி, பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பெரிய பாத்திரத்தைக் கலைக்காமல் எவ்வளவு எழும்பியது என்று பார்க்கலாம்.

பெட்டி இல்லாதவர்களுக்கு

ஓவன் விளக்கு பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஓவனைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் போட்டு மூடினால் பல மாடல்களில் 27 முதல் 33 டிகிரி வரை வரும். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து இரவு முழுக்க விட்டுக் காலையில் அளந்து பாருங்கள். 35க்கு மேல் போனால் கதவிடுக்கில் மரக்கரண்டியைச் செருகுங்கள். ஓவன் குமிழ் மேல் 'உள்ளே மாவு' என்று ஒரு சீட்டும் ஒட்டுங்கள். வீட்டில் வேறு யாராவது பீட்சாவுக்காக 220இல் ப்ரீஹீட் போட்டால் மாவு, பாத்திரம், சமாதானம் மூன்றும் போய்விடும்.

'இன்ஸ்டன்ட் பாட்' என்ற மின்சார பிரஷர் குக்கரில் 'யோகர்ட்' பட்டனை அழுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் 'புளித்தது, பொங்கவில்லை' கோஷ்டியில் பெரும்பான்மை. சாதாரண யோகர்ட் நிலை தயிருக்கானது, 40 டிகிரி வாக்கில் நிற்கும். அதே பட்டனைத் திரும்ப அழுத்தினால் வரும் 'லெஸ்' அல்லது 'லோ' நிலையே மாவுக்குப் பொருந்தும். அதுவும் மாடலுக்கு மாடல் மாறும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் மாவு ஊற்றக்கூடாது. பிரஷர் மூடி வேண்டாம், கண்ணாடி மூடி போடுங்கள். மாவு பொங்கி வால்வுக்குள் புகுந்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் நேராக வைப்பது நல்லதல்ல. ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் குளிரும். பிரிட்டன் வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி இருந்தால் அது பெட்டிக்கு இணையான இடம்.

எப்போது எடுப்பது

30 டிகிரியில் 10 முதல் 12 மணி நேரம். டம்ளர் மாவு இரண்டு மடங்கைத் தாண்டியிருக்க வேண்டும். மேற்பரப்பு குவிந்திருந்தால் இன்னும் எழும்புகிறது. தட்டையாகிச் சின்னச் சின்ன ஓட்டை தெரிந்தால் சரியான நேரம். நடுவில் குழிந்து ஓரத்தில் மாவு ஏறியிறங்கிய கோடு இருந்தால் தாண்டிப் போயிற்று. தாண்டியதைத் தோசைக்கு வைத்துக்கொண்டு, அடுத்த தடவை ஒரு மணி நேரம் குறையுங்கள்.

பொங்கிய மாவை அடித்துக் கலக்காதீர்கள். ஓரத்திலிருந்து கரண்டியை அடிவரை விட்டு மெதுவாகப் புரட்டி எடுத்து ஊற்றுங்கள். பன்னிரண்டு மணி நேரம் சேர்த்த வாயு அரை நிமிடக் கலக்கலில் போய்விடும்.

இட்லி நடுவில் பிசுபிசுத்தால் மாவில் தண்ணீர் அதிகம், அல்லது வேகவில்லை. கெட்டியாக, கனமாக இருந்தால் உளுந்து போதவில்லை, அல்லது காற்று ஏறவில்லை. ஓரம் உப்பி நடு குழிந்தால் பெரும்பாலும் உளுந்து அதிகம். மாவு எழும்பாமல் அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் உளுந்து பழசு. இதற்கு மருந்து கிடையாது, புது உளுந்துதான்.

வேகவைப்பதும் வைத்துக்கொள்வதும்

இண்டக்ஷன் அடுப்பில் அலுமினிய இட்லிக் குண்டான் சூடேறாது. அடியில் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள், கெட்டியாக ஒட்டினால் வேலை செய்யும். எவர்சில்வர் என்று பெயர் இருந்தாலும் எல்லாம் ஒட்டுவதில்லை. மாற்று வழி, காந்தம் ஒட்டும் அகலமான குழம்புச் சட்டியில் தண்ணீர் ஊற்றி இட்லித் தட்டை நிறுத்துவது. தண்ணீர் கொதித்த பிறகே தட்டை வைக்க வேண்டும், 10 முதல் 12 நிமிடம். டென்வர் போல 1600 மீட்டர் உயர ஊரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். எடுத்ததும் தோண்டாமல் மூன்று நிமிடம் ஆறவிட்டு, ஈரக் கரண்டியால் எடுத்தால் ஒட்டாது.

மிச்ச மாவு 4 டிகிரியில் ஐந்து நாள் தாங்கும். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசி நாள் வெங்காயம் போட்ட ஊத்தப்பம். மாவை ஃப்ரீசரில் வைத்தால் நுரை உடைந்துவிடும், இட்லிக்கு ஆகாது. அதற்குப் பதில் முழு மாவையும் ஒரே நாளில் இட்லியாக ஊற்றி, ஆறியதும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, விறைத்தபின் பைக்கு மாற்றுங்கள். ஒரு மாதம் தாங்கும். ஃப்ரீசரிலிருந்து நேராக ஆவியில் ஆறு நிமிடம். மைக்ரோவேவ் என்றால் ஈரமான பேப்பர் டவலால் மூடி நாலு இட்லிக்கு ஒன்றரை நிமிடம். பேப்பரை மறந்தால் ஓரம் ரப்பராகும்.